ஆள் இருக்கிற வீடு

ஜெருசலேம், பழைய நகரம்
9 நவம்பர் 1994

தம்பி ரஷாத்,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. மாண்ட்ரியலில் முழங்கால்வரை பனியில் நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிறாய். அம்மா அதைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "என் புள்ளைய ஐஸ் பெட்டிக்குள்ளயா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "ஆமா யம்மா, கெட்டுப்போகாம இருக்கட்டும்னு" என்றேன். சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது. கட்டிலை விட்டு எழுந்து இரண்டு மாதம் ஆகிறது.

இங்கே சேதி நல்லதில்லை. எதிர்வீட்டு அபு ஃபத்ஹி குடும்பம் ஹெப்ரோனுக்குத் துக்கம் விசாரிக்கப் போனது. இரண்டே நாள்தான். மருமகள், நான் வீட்டில் இருக்கிறேன் என்றிருக்கிறாள். செத்தது அவளுடைய மாமன், மனசு கேட்காமல் அவளும் கடைசி வண்டியில் ஏறிவிட்டாள். திரும்பி வந்தால் கதவில் வேறு பூட்டு, மொட்டைமாடியில் கொடி, உள்ளே எட்டு யூதக் குடியேறிகள், வாசலில் அவர்களுக்குத் துப்பாக்கியோடு காவல். வீட்டை வாங்கியதாக ஒரு காகிதமும் வைத்திருக்கிறார்கள். கேஸ் நடக்கிறது. அபு ஃபத்ஹி தினமும் காலையில் வந்து தன் வீட்டுக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு இந்தச் சந்தில் சலாமுக்கு அடுத்த வார்த்தை, "வீட்டுல ஆள் இருக்கா?" என்பதுதான்.

நம் வீட்டில் ஆள் என்றால் அம்மா. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பும்வரை ஒரு நோயாளி இருமிக்கொண்டே இந்த வீட்டைக் காவல் காக்கிறாள். அவளுக்குப் பிறகு யார் என்று நீ யோசித்தாயா?

லுத்ஃபியை உனக்குத் தெரியும். ரமல்லா பஸ் ஓட்டினவர், மனைவியை இழந்தவர், என்னைப் பெண் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் ராணுவம் வழியடைத்ததிலிருந்து அவருக்கு நகரத்துக்குள் வர அனுமதி இல்லை. பஸ்ஸைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பிக்கொண்டு போகிறார். நான் அவரோடு ரமல்லாவில் குடியேறினால் நகரத்தை விட்டுப் போனவள் என்று இங்கே குடியிருக்க உரிமை தரும் என் நீல அட்டையைப் பறித்துவிடுவார்கள். அட்டை போனால் நான் இங்கே விருந்தாளி, வீடு காலி வீடு.

ஆகவே நீ வா. ரீமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டில் குடியிரு. ஜோர்டான் எல்லைப் பாலத்தைத் தாண்டும்போது, "ரெண்டே வருஷம் அக்கா" என்றாய். எட்டு ஆகிவிட்டது. எனக்கு முப்பத்தொன்பது வயசு. நானும் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாமா?

உன் இன்ஸாஃப்


மாண்ட்ரியல்
14 ஜனவரி 1995

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். ரீமா பார்த்தால், "உங்க அக்கா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்பாள். நான் அழுதது அவளுக்குத் தெரியவேண்டாம்.

கோபப்படாதே. நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. உனக்கு நல்ல சேதி வைத்திருக்கிறேன். போன மாதம் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. நூறு பேரோடு ஒரு மண்டபத்தில் நின்று, கையைத் தூக்கி, பார்த்தே இராத ஒரு ராணியின் பேரில் சத்தியம் செய்தேன். எதற்கு என்று நினைக்கிறாய்? உனக்காகத்தான். இனிமேல் பாலத்தில் சோதனைக்குக் கழற்றின செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழு மணி நேரம் நிற்கவேண்டாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பயணத்தாளைப் புதுப்பிக்க ஓடிவரவேண்டாம். புதுப் பாஸ்போர்ட்டோடு விமானத்தில் வந்து துரை மாதிரி இறங்கலாம். என்னை யார் கேள்வி கேட்பார்கள்?

ஜூன் மாதம் வருகிறோம். முதலில் மூன்று மாதம் இருந்து பார்க்கிறோம். ரீமாவுக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். லுத்ஃபியிடம் கல்யாணக் கோட்டு தைக்கச் சொல்.

அம்மாவின் உள்ளங்கையை எனக்காக ஒருதரம் முத்தமிடு.

ரஷாத்


ஜெருசலேம்
2 மார்ச் 1995

ரஷாத்,

அம்மா போய்விட்டாள். ரமலான் மூன்றாம் வெள்ளி, விடியற்காலை. போனில் அழுதுகொண்டே நான் சொன்னதில் உனக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

ஜும்மா தொழுகைக்கு வந்த கூட்டம் சந்து கொள்ளாமல் நின்றது. அக்ஸா பள்ளிவாசலில் அவளுக்காக அத்தனை பேர் தொழுதார்கள். ஒரு ராணிக்குக்கூட அப்படிக் கிடைக்காது. சாயங்காலம் தேவாலய மணியும், பிறகு யூதர்களுடைய சனிக்கிழமை ஓய்வுநாள் பிறக்கும் சங்கும், பின்னாலேயே நோன்பு திறக்கும் பாங்கும் வந்தன. இத்தனை சாமிகள் கூடியிருக்கும் ஊரில் என் அம்மாவைப் பிடித்துவைக்க ஒருவருக்கும் மனசில்லை. லுத்ஃபியைச் சாவடியில் விடவில்லை. அங்கேயே ஓரமாக நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனாராம்.

உன் கடிதம் முந்தின நாள்தான் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கையை மட்டும் முத்தமிட்டேன்.

தம்பி, என்ன காரியம் செய்துவிட்டாய்? இந்தச் சந்தில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினால் இங்கே அட்டை செல்லாது. பக்கத்து வீட்டு உம்மு வஸீமின் தம்பிக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டால்தானே அட்டை போயிற்று. ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா? வருவதற்கு வசதி என்று நினைத்து, வரும் வழியை நீயே அடைத்துவிட்டாயே.

இனிச் சொல்வதைக் கேள். அந்தப் பாஸ்போர்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வா. பழைய பயணத்தாளில், பாலம் வழியாக வா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நில். அட்டை அலுவலகத்தில் யார் கேட்டாலும் வேறு பாஸ்போர்ட் என்ற பேச்சையே எடுக்காதே.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை வீட்டில் ஆள் இல்லையே. காய்கறி வாங்கப் போனால் உம்மு வஸீம் வந்து உட்காருகிறாள். அவள் போனால் நான் அவள் வீட்டில் உட்காருகிறேன். இருவரும் சேர்ந்து ஓரிடம் போய் இரண்டு வாரம் ஆகிறது.

இன்ஸாஃப்


மாண்ட்ரியல்
20 ஜூலை 1995

அக்கா,

விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம், உனக்கு என்ன எழுதுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போதும் தெரியவில்லை.

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. பிள்ளைகளைப் பாலத்து வெயிலில் நிறுத்த ரீமா ஒப்பவில்லை. புதுப் பாஸ்போர்ட்டில் இறங்கினோம், முத்திரை விழுந்துவிட்டது. அட்டை அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாள், "வேற நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டபோது என் நாக்கு, "இருக்கு" என்று சொல்லிவிட்டது. கணினியில் எப்படியும் தெரிந்திருக்கும் அக்கா. நான் இல்லை என்றால் மட்டும் விட்டிருப்பாளா? என் அட்டையை வாங்கி ஓட்டை போட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சட்டம் நான் எழுதலப்பா, ஓட்டை மட்டும்தான் நான் போடுறேன்" என்றாள். அவளுக்கும் பிடிக்காத வேலைதான் போலிருந்தது. பிறகு நான் பிறந்த ஊரைச் சுற்றிப்பார்க்க எனக்கு மூன்று மாத விசா கொடுத்தாள்.

மூன்று வாரத்துக்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. சுற்றுலா வந்தவன் வீட்டுக்கு ஆள் ஆவானா?

கடைசி நாள் சாப்பாட்டில் லுத்ஃபியைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடு. ஆத்திரத்தில் வந்த வார்த்தை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ள மாட்டாயா? வக்கீல் வைத்து வழக்குப் போடுகிறேன்.

ரஷாத்


ஜெருசலேம்
3 செப்டம்பர் 1995

ரஷாத்,

மறக்க மாட்டேன். எழுதியே வைக்கிறேன். "ஒரு பஸ் ஓட்டுறவனுக்காக அப்பா வீட்டை விடப்போறியா?" என்றாய். என் கையால் வைத்த மக்லூபாச் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாய், அதுவும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு.

அப்பா வீட்டைப் பற்றி எனக்கா பாடம் நடத்துகிறாய்? அறுபத்தேழில் சண்டை முடிந்து இஸ்ரேல் சிப்பாய்கள் வீடு வீடாக வந்து ஆளை எண்ணினபோது உனக்கு நாலு வயசு. எனக்குப் பன்னிரண்டு. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஊரடங்கு போட்டு எண்ணினார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்தவனுக்கு அட்டை, இல்லாதவன் இல்லாதவனே. சித்தப்பா வேலைக்காக அம்மானுக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா அந்தச் சிப்பாயிடம், "அவன் சட்டை இதோ தொங்குது, சட்டையையாவது எண்ணிக்கோய்யா" என்று கெஞ்சினார். சித்தப்பா அம்மானிலேயே செத்தார். அதற்குப் பிறகு அப்பா ஒருநாள்கூட வெளியூரில் தங்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் நமக்குச் சொத்தாக விட்டுப்போனார். நீ உன் பங்கை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

தூரத்திலிருந்து இந்த வீட்டை நேசிப்பது சுகம்தான். அங்கிருந்து பார்த்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளாது, மேல்மாடிக்காரன் முற்றத்தில் குப்பை கொட்டமாட்டான். இரண்டு வருஷம் என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே.

இன்ஸாஃப்


மாண்ட்ரியல்
11 பிப்ரவரி 1996

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வக்கீல் சொல்லிவிட்டார், வழியில்லை. என்னைப்போல நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்களாம். இப்போது ரமல்லாவில் குடியிருப்பவர்களின் அட்டையையும் தேடித்தேடிப் பறிக்கிறார்களாம். உன்னைப் பற்றியும் கேட்டேன். கல்யாணமாகி அங்கே போனால் திரும்ப வர நினைக்காதே என்றார்.

வேலைக்குப் போகும் ரயிலில் தினமும் நினைத்துக்கொள்கிறேன், நான் இந்த ரயிலில் உட்கார்ந்திருப்பதற்கு நீ அந்தச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறாய் என்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை மாதம் ஆயிற்று.

பூட்டிவிட்டுப் போ அக்கா. லுத்ஃபியிடம் போ. வீட்டுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். அப்பா கேட்டால் மறுமையில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ரஷாத்


ஜெருசலேம்
26 மே 1996

என் தம்பிக்கு,

நீ போ என்று எழுதின கடிதம் வந்த அன்றைக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒருமணி நேரம் அழுதேன். பத்து வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. உன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை போகத்தான் கிளம்பினேன். பெட்டி கட்டினேன். அடுப்பைத் துடைத்தேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கதவைப் பூட்டினேன். எதிரே அபு ஃபத்ஹி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேஸ் முடிந்து தோற்றுவிட்டது. ஆனாலும் வருகிறார். என் பெட்டியைப் பார்த்தார். "பூட்டு நல்ல பூட்டாம்மா?" என்று மட்டும் கேட்டார். "நல்ல பூட்டுதான் மாமா" என்றேன். "எங்களுதும் நல்ல பூட்டுதான்" என்றார்.

நகரச் சுவரின் டமாஸ்கஸ் வாசல்வரை போனேன். ரமல்லா வேனில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். டிரைவர் இன்னும் ஒரு ஆளுக்காகக் கத்திக்கொண்டிருந்தான். அந்த ஒரு ஆள் சீக்கிரம் வந்திருந்தால் நான் போயிருப்பேன், அல்லாஹ் மீது ஆணையாக. வரவில்லை. நான் இறங்கிவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவந்தேன். கதவில் என் பூட்டே தொங்கியது. அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷமில்லை ரஷாத். யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் நான் போயிருக்கலாமே என்று பட்டது.

நடந்ததைப் போனில் லுத்ஃபியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ வெளிய வர முடியலன்னா நான் உள்ள வரேன்" என்றார், பஸ்ஸைத் திருப்பி நிறுத்துகிற மாதிரி. அடுத்த வாரம் கட்டட வேலைக்குப் போகிறவர்களோடு குவாரிக்குப் பின்னால் மலையைச் சுற்றி நடந்தே வந்தார். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. கையில் ஒரு பை, அதற்குள் கோட்டு. நம் அறையில் ஷேக் வந்து நிக்காஹ் செய்துவைத்தார். உம்மு வஸீம் நாக்கைச் சுழற்றிக் குலவையிட வாயைத் திறந்தாள், நான் என் கையால் பொத்தினேன். சத்தம் வெளியே போகக்கூடாதே. குலவை இல்லாத கல்யாணத்தை நீ பார்த்திருக்கிறாயா?

அவருக்கு இங்கே தங்க அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறோம். ஐந்து வருஷம் ஆகலாம் என்கிறார்கள். அதுவரை சந்துமுனையில் நிற்கும் சிப்பாய் அட்டை கேட்டால் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். அதனால் அவர் வெளியே போவதில்லை.

ஆனாலும் நான் சந்தோஷமாக இருக்கிறேன். நாற்பத்தோரு வயசில் எனக்கு ஒருவர் காபி போட்டுத் தருகிறார்.

உன் அக்கா


மாண்ட்ரியல்
10 ஜூலை 1996

அக்கா! அக்கா!

ரீமாவைக் குலவையிடச் சொன்னேன். நாலாவது மாடியில் நின்று இரண்டு பங்காக இட்டாள், கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்தாள்.

மச்சானிடம் சலாம் சொல். அன்றைக்கு நான் பேசியதற்கு அவர் காலைப் பிடிக்கவும் தயார். வீட்டுக்கும் ஆள் ஆயிற்று, உனக்கும் துணை ஆயிற்று. இரண்டு கஷ்டமும் ஒரே நாளில் தீர்ந்தது பார்த்தாயா! இனிமேல் வீட்டைப் பற்றிக் கவலையே இல்லை. நான் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ரஷாத்


ஜெருசலேம்
3 நவம்பர் 1996

ரஷாத்,

நீ நிம்மதியாகத் தூங்குவது நல்லதுதான். இந்தக் கடிதத்தையும் ரீமாவுக்குக் காட்டாமல் படி.

வீட்டில் ஆள் இருக்கிறது. அது உண்மை. எப்போதும் இருக்கிறது. நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன். நினைத்த நேரத்தில் கடைக்குப் போகிறேன். "வீட்டுல ஆள் இருக்கா?" என்று கேட்பவர்களிடம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன். ஆள் இருப்பது வெளியே தெரியவேண்டும், அவர் இருப்பது தெரியக்கூடாது. அதனால் நான் இல்லாதபோது லுத்ஃபி ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரத்தை உருட்டுகிறார். நான் நாள் முழுக்கச் சண்டைக்காரி மாதிரி பாத்திரம் உடைக்கிறேன் என்று சந்தில் பேச்சு. முதலில் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

செப்டம்பரில் அக்ஸாவுக்குப் பக்கத்துச் சுரங்க வாசலைத் திறந்தார்களே, ஊரே பற்றி எரிந்தது, நீ டிவியில் பார்த்திருப்பாய். சிப்பாய்கள் மொட்டைமாடிகளில் ஓடினார்கள். வீடு வீடாகத் தேடினார்கள். அவரை முற்றத்துக்குக் கீழே மழைநீர்த் தொட்டியில் இறக்கிக் கல்லை மூடினேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். இரண்டு நாள். மேலே ஏறிவந்தபோது, "ஏன் அழற? உள்ள நல்ல குளிர்ச்சி" என்றார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. அக்ஸா இங்கிருந்து பத்து நிமிஷ நடை. வந்து ஆறு மாதத்தில் பாங்கை மட்டும் கேட்டிருக்கிறார்.

அவர் இடத்தில் முன்பு நான் இருந்தேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மனிதரை அதில் உட்காரவைத்துவிட்டு நான் வெளியே வந்திருக்கிறேன். இதைக் கல்யாணம் என்று சொல்லி நீ குலவையிட்டாய்.

போன புதன்கிழமை பள்ளிக்கூடத்துப் பெண்களைப் பஸ்ஸில் யாஃபா கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். நான் கடலைப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒருமணி நேரத் தூரம்தான், போனதில்லை. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாவாடை நனைந்து கனத்தது. அப்போது மனசுக்குள் என்ன வந்தது என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வீடு வரவில்லை, அவரும் வரவில்லை. திரும்பிப் போகாதே இன்ஸாஃப் என்று வந்தது. இப்படியே ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, எந்த ஊரிலாவது இறங்கிவிடு என்று வந்தது. தலைமை ஆசிரியை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கரையேறினேன்.

நான் வீட்டுக்கு வந்ததும் லுத்ஃபி கதவைத் திறந்து என் பாவாடையைப் பார்த்தார். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "உக்காரு, எந்த ரோட்டுல போனீங்க? சொல்லு" என்றார். அவர் இளவயசில் அந்தப் பக்கமும் பஸ் ஓட்டியிருக்கிறார். நான் வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன். இறக்கம், பைன் மரங்கள், லத்ரூன் மடம், அதற்கப்புறம் வரும் சமவெளி. கண்ணை மூடிக் கேட்டார். நான் எதையாவது விட்டால், "அங்க ஒரு பாலம் வருமே" என்று எடுத்துக் கொடுத்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கடல்வரை போய்ச் சேர்ந்தோம்.

பிறகு கண்ணைத் திறக்காமலே, "சரி, இப்ப திரும்பி வந்த வழியைச் சொல்லு" என்றார்.

நான் இன்னும் கடலிலேயே நின்றுகொண்டிருந்தேன், ரஷாத்.

இன்ஸாஃப்